படத்தில் ஒரு வீடு, நேரில் ஒரு வீடா?

போன இதழில் பருப்பு டின்னில் வண்டு வராமலிருக்க நான் எழுதியிருந்த யோசனைகளைப் படித்துவிட்டு, "எப்பப் பாத்தாலும் சமையலறைதானா? வெளியே வந்து வேற ஏதாவது எழுதுங்களேன்" என்று ஒரு வாசகி உரிமையோடு கேட்டிருந்தார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! இந்தத் தடவை வாசல் திண்ணை வரைக்கும் வந்துவிட்டேன். கையில் செல்போனும் இருக்கிறது.

விஷயம் இதுதான். வீட்டில் சும்மா கிடக்கிற ஒரு பகுதியை, ஊருக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வழக்கம் இப்போது எங்கள் கும்பகோணத்தில் பெருகி வருகிறது. நவக்கிரகக் கோவில்களுக்கு வருபவர்கள், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாராசுரம் கோவிலைப் பார்க்க வருபவர்கள், கல்யாணத்துக்கு வருபவர்கள் என்று ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. 2028ல் மகாமகம் வேறு வரப்போகிறது. உங்கள் ஊரிலும் இப்படிக் கோவிலோ, மலையோ, கடலோ இருந்து, உங்களுக்கும் இந்த எண்ணம் இருக்கலாம். அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது வீட்டைப் படம் பிடிப்பது. வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் முன் படத்தைத்தானே பார்க்கிறார்கள்?

நான் பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக்கொண்டவள். காமிரா வித்தையெல்லாம் தெரியாது. இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாம் தடவை கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். இரண்டாவது தப்புக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருட்டில் எடுத்த படம்

நாங்கள் இருப்பது பின்னால் கட்டிய சின்ன வீட்டில். தெருவைப் பார்த்திருக்கும் பழைய வீடு என் மாமனார் காலத்தது. திண்ணை, நடை, முற்றம், கூடம், ஒரு படுக்கையறை, கொல்லையில் கிணறு, கிணற்றடியைத் தாண்டிக் கழிப்பறை என்று அந்தக் கால அமைப்பு. 2021ல் மாமியார் காலமான பிறகு அது பூட்டியே கிடந்தது. என்னவர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மூத்தவள் நர்சிங் படிக்கப் போனாள். முதல் வருஷ ஃபீஸுக்கு என் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இரண்டாம் வருஷத்துக்கு என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்தபோதுதான், பூட்டிக் கிடக்கிற வீட்டின் ஞாபகம் வந்தது.

வெள்ளையடித்து, குழாய் மாற்றி, இரண்டு கட்டில் போட்டோம். ஒருநாள் ராத்திரி சமையல் வேலை முடிந்ததும், அதே கையோடு செல்போனை எடுத்துக்கொண்டு போய் எட்டுப் படம் பிடித்தேன். இன்டர்நெட்டில் அறை பதிவு செய்கிற ஒரு தளத்தில் சின்னவன் அதையெல்லாம் ஏற்றினான். ஒன்றரை மாதம் போனது. இரண்டே பேர்தான் விசாரித்தார்கள். இரண்டு பேரும் வரவில்லை.

ஏன் என்று அந்தப் படங்களை இப்போது பார்த்தால் தெரிகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரெல்லாம் பச்சை பாய்ந்திருந்தது. ஃப்ளாஷ் போட்டதில் கட்டில் மட்டும் பளீரென்று வெளுத்து, மற்றதெல்லாம் கருத்திருந்தது. கொடியில் என் ஈரத் துண்டு! மூலையில் துடைப்பம்! பத்தாததற்கு, எண்ணெய்க் கை பட்ட போன் ஆகையால் எல்லாப் படத்திலும் ஒரு மங்கல். போலீஸ்காரர் எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்று மூத்தவள் கேலி செய்தாள்.

அரண்மனையான அறை

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் பையன் லீவுக்கு வந்திருந்தான். இன்ஜினீயரிங் படிக்கிறவன், கெட்டிக்காரன். "மாமி, என்கிட்ட விடுங்க" என்றான். செல்போனில் அகலமாகக் காட்டுகிற ஒரு கண்ணாடி இருக்கிறதல்லவா, திரையில் 0.5 என்று போட்டிருக்குமே, அதை வைத்து எடுத்தான். எங்கள் 10க்கு 12 அடி படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துவிட்டது! சுவரில் இருந்த கீறலை விரலால் தேய்த்தே மறைத்தான். வாசலில் கைப்பிடி இல்லாத நாலு படி இருக்கிறது; படி தெரியாமல் திண்ணையை மட்டும் எடுத்தான். கழிப்பறையைப் படமே எடுக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு மாமி, யார் பாக்கப் போறாங்க?" என்றான். நானும் தலையாட்டினேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்துப் பூரித்தவள் நான்தானே?

அந்த மாதமே ஆறு பேர் வந்து தங்கினார்கள். வந்தவர்களில் ஒருத்தர், "ரூம் இன்னும் பெருசா இருக்கும்னு நினைச்சோம்" என்று முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபீஸுக்கு ஒதுக்கிய டப்பாவில் பணம் சேர்ந்துகொண்டிருந்ததே!

ஏழாவதாக வந்தவர்கள் மதுரைப் பக்கத்துக் குடும்பம். இரண்டு பெண்கள், அவர்களுடைய அம்மா. அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் ஆபரேஷன் ஆனவர். நவக்கிரகக் கோவில்களைச் சுற்றவேண்டும் என்று பல வருஷ வேண்டுதலாம். ராத்திரி ஏழரை மணிக்குக் காரில் வந்து இறங்கினார்கள்.

வாசல் படியைப் பார்த்ததும் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் ஏற்ற முடிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும், "பாத்ரூம் எங்கேம்மா?" என்று கேட்டார். கொல்லைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். கிணற்றடியைத் தாண்டி இருபத்தைந்து தப்படி நடக்கணும். அதுவும் குத்துக்கால் போட்டு உட்கார்கிற பழைய மாதிரிக் கழிப்பறை. அவரால் எப்படி உட்கார முடியும்?

பெரிய பெண்ணுக்குக் கோபமான கோபம். "இதையெல்லாம் போட்டோவுல ஏன் காட்டல? இந்த நேரத்துல இவங்களை எங்கே கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

நல்லவேளை, நாங்கள் இருக்கிற பின்வீட்டில் மாமியாருக்காக வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது. கொல்லைச் சந்து வழியாகப் படியில்லாமல் வரலாம். அந்த அம்மாவை அங்கே அழைத்துப் போய், எங்கள் அறையை ஒழித்துக் கொடுத்தேன். நாங்கள் நாலு பேரும் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தோம். இரண்டு நாள் வாடகையில் ஒரு நாள் பணத்தை என்னவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ நல்லவளாத்தான் இருக்கே. வீடும் நல்லாத்தான் இருக்கு. படத்துல மட்டும் ஏம்மா வேற வீடா இருக்கு?"

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அன்றைக்கே சின்னவனைக் கூப்பிட்டு எல்லாப் படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். புதிதாக நானே பிடிப்பது என்று முடிவு செய்தேன். என் வீட்டை என்னைவிட யாருக்குத் தெரியும்?

வெளிச்சம் எப்போது வருகிறது?

முதலில் ஒருநாள் முழுக்கப் படமே எடுக்கவில்லை. காலை ஏழு, ஒன்பது, பதினொன்று, பிற்பகல் இரண்டு, நாலு என்று ஐந்து வேளை பழைய வீட்டைச் சுற்றி வந்து, எந்த இடத்தில் எப்போது வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். வடாம் காயவைக்க மாடி வெயிலைக் கவனிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு கஷ்டமா?

முற்றத்தில் நடுப்பகலில் வெயில் நேரே தரையில் விழுகிறது. அப்போது படம் எடுத்தால் அந்த இடம் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் இருக்கிற கூடம் குகை மாதிரி கருத்துவிடும். காலை எட்டு மணிக்கு வெயில் மேல்சுவரில்தான் படுகிறது. வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் கீழே இறங்கி, கூடம் முழுக்க இதமாகப் பரவுகிறது. தூண்கூட அழகாகத் தெரிகிறது. மேகமூட்டமான நாள் இன்னும் விசேஷம்.

படுக்கையறை ஜன்னல் கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் சுள்ளென்று உள்ளே பாயும். அதனால் அந்த அறையைப் பிற்பகல் மூன்றரைக்கு எடுத்தேன். உங்கள் ஜன்னல் மேற்கு பார்த்திருந்தால் காலையில் எடுங்கள். வெயில் நேரே விழாத வேளையே நல்ல வேளை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

பகலில் எடுக்கும்போது டியூப் லைட், குண்டு பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம், குண்டு பல்பு மஞ்சள். மூன்றும் கலந்தால் சுவர் என்ன நிறம் என்றே தெரியாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பித்தளைச் சாமானிலும் கண்ணாடியிலும் பட்டுக் கண்ணைக் கூசும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் புகை மாதிரி தெரியும்.

வாசலை மட்டும் விளக்கோடு எடுக்கலாம். சூரியன் மறைந்து சுமார் கால்மணி நேரம், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது, திண்ணை விளக்கைப் போட்டு எடுத்துப் பாருங்கள். வானமும் விளக்கும் ஒன்றையொன்று அமுக்காது. அந்த நேரம் பத்து நிமிஷம்தான் நிற்கும். அதனால் முன்கூட்டியே தயாராக நில்லுங்கள்.

போனைப் பிடிக்கும் விதம்

முதல் வேலை, கண்ணாடியைத் துடைப்பது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் துடையுங்கள். நம் கையில் எப்போதும் ஏதாவது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். அது பட்டால் படம் பனி மூடியது போல ஆகும். புடவைத் தலைப்பால் துடைத்தால் பிசுக்கு பரவுமே தவிரப் போகாது.

போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அறை அகலமானது, படமும் அகலமாக இருக்கட்டும். கண் உயரத்தில் பிடிக்காமல் நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து சுமார் நாலு அடியில் பிடியுங்கள். மேலேயிருந்து எடுத்தால் கட்டிலும் தரையும்தான் தெரியும். போனை முன்னாலோ பின்னாலோ சாய்த்தால் சுவரும் தூணும் விழப்போவது மாதிரி சாய்ந்து நிற்கும். காமிரா அமைப்பில் கட்டக் கோடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையின் ஓரத்தை அந்தக் கோட்டோடு பொருத்தினால் படம் நேராக வரும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை நமக்கு. இது தானாக வந்துவிடும்.

அறையின் மூலையில் அல்லது வாசற்படியில் நின்று எடுங்கள். எதிர்ச்சுவரை மட்டும் எடுத்தால் அறை தட்டையாகத் தெரியும். இரண்டு சுவர் சேருகிற மூலை படத்தில் வந்தால் அறையின் அளவு புரியும். அந்த 0.5 கண்ணாடியைத் தொடாதீர்கள். அது ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்து நீட்டிவிடும். ஆறடிக் கட்டில் எட்டடியாகும். வந்து பார்க்கிறவர் மனசு அங்கேயே சுருங்கிவிடும். ஒரே படத்தில் அறை அடங்கவில்லையா? இரண்டு மூலையிலிருந்து இரண்டு படமாக எடுங்கள்.

ஜன்னல் உள்ள அறையில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் இருட்டான இடத்தை விரலால் தொட்டால் ஜன்னல் வெளுத்துப்போகும். ஜன்னலைத் தொட்டால் அறை கருத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் தொடுங்கள். அநேகமாக எல்லாப் போனிலும் ஒரு சின்னச் சூரியன் அடையாளமோ கோடோ வரும். அதை மேலும் கீழும் நகர்த்தி, நம் கண்ணுக்குத் தெரிகிறபடி கொண்டு வாருங்கள்.

கை நடுங்குகிறதா? எனக்கும்தான். இரண்டு எவர்சில்வர் டப்பாவை ஸ்டூல் மேல் அடுக்கி, போனைச் சாய்க்காமல் நிமிர்த்தி நிறுத்தி, மூன்று விநாடி கழித்து எடுக்கிற டைமரைப் போட்டேன். படம் ஆடாமல் வந்தது. காசு கொடுத்து ஸ்டாண்ட் வாங்கவில்லை.

எதை எடுக்கணும், எதை வைக்கணும்?

படத்தில் வரும் இடத்திலிருந்து துடைப்பம், கொடித் துணி, பிளாஸ்டிக் வாளி, கொசுவர்த்தி ஸ்டாண்ட், வயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஆனால் சாமான்களை ஒதுக்குவது வேறு, குறையை மறைப்பது வேறு. துடைப்பத்தை ஒளித்து வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. படியை ஒளித்து வைத்தால்?

படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டு, இழுத்துச் செருகுங்கள். நேரில் தெரியாத சுருக்கம்கூடப் படத்தில் பளிச்சென்று தெரியும். சாதாரணக் கட்டம் போட்ட கைத்தறி விரிப்பே ஜோராக இருந்தது. வருகிறவர்களுக்கு எதை வைப்போமோ அதை மட்டும் படத்தில் வையுங்கள். தட்டு நிறையப் பழம் வைத்து எடுத்துவிட்டு, அவர்கள் வரும்போது வெறும் தட்டு இருந்தால் அதுவும் ஏமாற்றுதானே? நான் ஒரு பானையில் தண்ணீரும், நாலு டம்ளரும் வைத்தேன். அது என்றைக்கும் இருக்கும்.

வாசலில் அரிசி மாக்கோலம் போட்டு, காலை ஏழு மணிச் சாய்வெயிலில் எடுத்தேன். அதுதான் இப்போது முதல் படம். அதில் நாலு படியும் தெரிகிறது. பக்கத்தில் புதிதாகப் போட்ட இரும்புக் கைப்பிடியும் தெரிகிறது. மதுரை அம்மாவுக்குக் கிடைக்காத கைப்பிடி அது.

குறையையும் காட்டலாமா?

கழிப்பறையைப் படம் பிடிக்கப் போனேன். என்னவர் ஓடி வந்தார். "ஏண்டி, கழிப்பறையை யாராவது ஊருக்குக் காட்டுவாங்களா?"

"அந்த அம்மா கேட்டாங்களே, மறந்து போச்சா?" என்றேன். மனுஷர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பிறகு அவரே தரையைத் துடைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லணும்.

குளியலறை, கழிப்பறை எடுக்கும்போது தரை உலர்ந்திருக்கட்டும். ஈரத் தரை எவ்வளவு சுத்தமானாலும் படத்தில் அழுக்காகத் தெரியும். வாசலில் நின்று எடுங்கள். கண்ணாடியில் நாம் தெரியாதபடி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். கொல்லைக் கதவிலிருந்து கழிப்பறை வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, "இருபத்தைந்து தப்படி நடக்க வேண்டும்" என்று அடியில் எழுதினேன். மருந்துக் கடையில் விற்கும் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டு, அதையும் எடுத்தேன். படுக்கையறைப் படத்தின் கீழே "10க்கு 12 அடி" என்று போட்டேன்.

கைக்குழந்தைக்காரர்களுக்காக இன்னும் இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் முற்றத்தின் பள்ளம், ஒன்றரை அடி. இன்னொன்றில் கிணறும், மேலே போட்டுப் பூட்டியிருக்கிற இரும்புக் கம்பி வலையும். தவழுகிற குழந்தையை அழைத்து வருகிற தாய்க்கு, தலையணை உறையின் பூவைவிட இதுதானே முக்கியம்?

திருத்துவதில் ஓர் எல்லை வைத்துக்கொண்டேன். சாய்ந்த படத்தை நேராக்கலாம். கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம். கீறலை அழிக்கக் கூடாது, சுவரின் நிறத்தை மாற்றக் கூடாது. கீறல் பிடிக்கவில்லை என்றால் கொத்தனாரைக் கூப்பிடணும். கூப்பிட்டேன்.

படங்களை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. வாசல், நடை, முற்றம், கூடம், படுக்கையறை, கொல்லை, குளியலறை, கழிப்பறை என்று, நடந்து வருகிற வரிசையிலேயே வைத்தேன். பதினாறு படம் போதுமாக இருந்தது. ஒரே கட்டிலை ஐந்து பக்கத்திலிருந்து காட்ட வேண்டியதில்லை.

நம் பாதுகாப்புக்காக

சகோதரிகளே, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குழந்தைகளின் போட்டோ, ஸ்கூல் அடையாள அட்டை, கேஸ் புத்தகம், போன் நம்பர் எழுதிய காலண்டர், சாவி மாட்டுகிற ஆணி, பீரோ, இவற்றில் ஒன்றும் படத்தில் வரவே கூடாது. கதவு எண்ணும் வேண்டாம். காமிரா அமைப்பில் இடத்தைப் பதிவு செய்கிற வசதியை நிறுத்திவிடுங்கள். தங்கியிருப்பவர்களைச் சம்மதமில்லாமல் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். என் படம் ஒன்றில் அலமாரிக் கண்ணாடிக்குள் சின்னவனின் பள்ளிக்கூட போட்டோ தெரிந்தது. நல்லகாலம், கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் வந்த இடத்தில், புதுப் படம் போட்ட முதல் மாதம் நாலு பேர்தான் வந்தார்கள். கழிப்பறைப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்பதி பதிவை ரத்து செய்தார்கள். என்னவர் என்னைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. நானும் அன்றைக்கு டப்பாவைத் திறக்கவில்லை.

ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர்கூட வாசலில் நின்று முகம் சுளிக்கவில்லை. "படத்துல பார்த்த மாதிரியே இருக்கே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அதில் ஒரு குடும்பம் அடுத்த மாதமே உறவுக்காரர்களை அனுப்பி வைத்தது. ராத்திரி கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குவதில்லை. இரண்டாம் வருஷ ஃபீஸில் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது. மீதிக்கு என்னவர் கடையில் முன்பணம் கேட்டிருக்கிறார். வளையல் இன்னும் திரும்பவில்லை. திரும்பும்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு போன். கோபித்துக்கொண்ட அதே பெரிய பெண்தான். புதுப் படங்களைப் பார்த்தாளாம். "அக்கா, அந்த நாற்காலி நிஜமாவே அங்கேயே இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கைப்பிடியும் இருக்கு. ஆனா கழிப்பறை அதே தூரத்துலதான் இருக்கு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அவர்கள் அம்மாவுக்கு இன்னும் மூன்று கோவில் பாக்கி இருக்கிறதாம். தை மாதம் வருகிறார்களாம். இந்தத் தடவை முன்வீட்டிலேயே தங்குவார்களாம்.

மறக்காமலிருக்க:

1. படம் எடுக்குமுன் கண்ணாடியைத் துடையுங்கள்.
2. ஒருநாள் முழுக்க வெளிச்சத்தைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள்.
3. பகலில் விளக்கு, ஃப்ளாஷ், மின்விசிறி மூன்றையும் நிறுத்துங்கள்.
4. நெஞ்சு உயரம், படுக்கை வாட்டு, அறையின் மூலை. 0.5 வேண்டாம்.
5. படி, கழிப்பறை, கிணறு, பள்ளம் இவற்றைக் கட்டாயம் காட்டுங்கள். அறையின் அளவை எழுதுங்கள்.
6. வெள்ளையடித்தாலோ, சாமான் மாற்றினாலோ மறுபடி படம் எடுங்கள். பழைய படமும் ஒருவகையில் பொய்தான்.

உங்களில் யாராவது வீட்டை இப்படி வாடகைக்கு விட்டிருந்தால், உங்கள் அனுபவத்தை எனக்கு எழுதுங்கள். வாடகைக்கு எடுத்துத் தங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அந்தப் பக்கத்து நியாயத்தையும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அடுத்த இதழில் சமையலறைக்கே திரும்பி, மிஞ்சிப்போன இட்லி மாவோடு உங்களைச் சந்திக்கிறேன்.